ஸ்ட்ராட்டில் சிந்த் பிக்கப்: துளை போடாமல் மாட்ட முடியுமா?

ஆறுகம்பி_கானாடுகாத்தான்

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாணம், மணிவிழா, கோவில் திருவிழா என்று முகூர்த்த மாதங்களில் ஓய்வே கிடையாது. எங்கள் குழுவில் கீபோர்டுக்காரர் ஒரே ஒருத்தர். இடையிசையில் வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் ஷெனாயும் அடுத்தடுத்து வந்தால் அவர் ஒன்றைப் பிடிப்பதற்குள் இன்னொன்று போய்விடுகிறது. அந்த நேரத்தில் நான் இரண்டு கார்டைத் தட்டிக்கொண்டு சும்மா நிற்கிறேன். குழல் வரியையாவது கிட்டாரிலேயே எடுத்துக்கொள்ளலாமே என்று ரொம்ப நாளாக யோசனை.

என்னிடம் இருப்பது மூன்று சிங்கிள் காயில் பிக்கப்பும், கையை அழுத்திச் சுருதியை ஆட்டுகிற ட்ரெமலோ பிரிட்ஜும் உள்ள ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை மின் கிட்டார்). பினாங்கிலிருந்து சித்தப்பா குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்கு வருகிறார். என்ன வேண்டுமோ எழுதி அனுப்பு, வாங்கி வருகிறேன் என்கிறார். கிட்டாரை மீட்டினால் வேறு வாத்தியத்தின் ஒலி வர வைக்கும் சிந்த் (சிந்தசைசர்) பிக்கப் என்று தேடினால் ரோலண்ட் ஜிகே-3, பாஸ் ஜிகே-5, ஃபிஷ்மன் டிரிபிள்பிளே என்று மூன்று பெயர்கள் கண்ணில் படுகின்றன. இதில் எது நல்லது? இன்னொன்று, கிட்டாரில் துளை போட எனக்கு மனசு வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை_பேஸ்

தம்பி, பிக்கப்பை அப்புறம் பார்க்கலாம். அதைக் கொண்டுபோய் எதில் செருகப் போகிறீர்கள்? அதை முதலில் முடிவு செய்யுங்கள். பிக்கப் மட்டும் வாங்கினால் அதிலிருந்து ஒரு சத்தமும் வராது.

சாதாரண பிக்கப் ஆறு கம்பியின் ஒலியையும் கலந்து ஒரே சிக்னலாக அனுப்பும். சிந்த் பிக்கப் மெல்லிய பட்டையாக இருக்கும், அதற்குள் கம்பிக்கு ஒன்றாக ஆறு சின்னப் பிக்கப்புகள். ஒவ்வொரு கம்பியும் தனி வழியில் வெளியே போகும். ஜிகே-3 வகையில் இதற்குத்தான் 13-பின் கேபிள்: ஆறு பின் ஆறு கம்பிக்கு, ஏழாவது உங்கள் வழக்கமான கிட்டார் ஒலிக்கு, எட்டாவது வால்யூமுக்கு, இரண்டு பின் சுவிட்சுகளுக்கு, கடைசி இரண்டும் பிக்கப்புக்கு மின்சாரம் கொண்டுவர. ஒன்று சும்மா இருக்கும். பேட்டரி தேவையில்லை, எதிர்முனையில் இருக்கும் சிந்த் பெட்டியே மின்சாரம் கொடுத்துவிடும்.

2023-ல் வந்த ஜிகே-5 டிஜிட்டல். அதன் கேபிளும் வேறு, ஏற்கும் பெட்டியும் வேறு. பழைய 13-பின் பெட்டியில் நேராகச் செருக முடியாது, நடுவில் ஒரு மாற்றிப் பெட்டி வேண்டும். டிரிபிள்பிளே முழுக்க மிடிக்காக, அதாவது ஒலியை அனுப்பாமல் எந்தச் சுரம் என்ற தகவலை மட்டும் அனுப்புகிற முறைக்காகச் செய்தது, வயர்லெஸ்ஸாகக் கணினிக்குப் போகும். ஆக நீங்கள் கேட்ட மூன்றும் மூன்று தனித்தனிப் பாதை.

பழைய_ஈயம்

பேஸ் தம்பி சொன்னது சரி. துளை விஷயத்தை நான் சொல்கிறேன். காரைக்குடியில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்த்து ஓய்ந்தவன் நான். இந்தப் பட்டையை இரண்டு மூன்று பேருக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன்.

துளை வேண்டாம். பட்டையை டபுள் சைடு டேப்பில் ஒட்டலாம், கன்ட்ரோல் பெட்டியைக் கிட்டாரின் விளிம்பில் பிடிப்பான் போட்டு நிறுத்தலாம். உள்ளேயே பதிக்கிற கிட்டும் உண்டு. ஆனால் அதற்கு மரத்தைக் குடைந்து சர்க்யூட்டுக்கு இடம் செய்ய வேண்டும், உங்களுக்கு அது வேண்டாம். டேப் ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தை நன்றாகத் துடைத்து எண்ணெய்ப் பசை போக்குங்கள். சித்திரை வெயிலில் கிட்டாரை காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். டேப் இளகிப் பட்டை அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் போதும், எல்லாம் கெட்டுவிடும்.

வேலையே அந்த அரை மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. பட்டை பிரிட்ஜுக்கு எவ்வளவு ஒட்டி உட்காருகிறதோ அவ்வளவு நல்லது. ஸ்ட்ராட்டில் பிரிட்ஜ் பிக்கப் சாய்ந்திருப்பதால் ஒன்றாம் கம்பிப் பக்கம் இடம் குறுகல், முதலில் அங்கே அளந்து பாருங்கள். உயரத்துக்குக் கணக்கு இது: கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தால் கம்பிக்கும் பட்டைக்கும் 1 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஒன்றாம் கம்பியிலும் ஆறாம் கம்பியிலும் தனித்தனியாகப் பாருங்கள். டூவீலர் மெக்கானிக் டேப்பட் பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜை ஒரு நாள் இரவல் வாங்கினால் போதும். அது கிடைக்கவில்லையென்றால் ஏடிஎம் கார்டு 0.76 மி.மீ., அதோடு ஒரு விசிட்டிங் கார்டைச் சேர்த்து நுழைத்துப் பாருங்கள். ரொம்ப நெருங்கினால் ஓங்கி மீட்டும்போது கம்பி பட்டையில் இடிக்கும். தள்ளிப்போனால் மெதுவாக மீட்டும்போது சத்தமே வராது.

ட்ரெமலோ கை பற்றி ஒரு வார்த்தை. பட்டை உடலில் நிற்கிறது, கம்பி பிரிட்ஜோடு ஏறி இறங்குகிறது. கையை அழுத்தும்போதெல்லாம் அந்த 1 மி.மீ. மாறும். பின்பக்க ஸ்பிரிங்கை இறுக்கிப் பிரிட்ஜை உடலோடு படிய வைத்துவிடுங்கள். உங்கள் பாட்டுகளில் ட்ரெமலோவுக்கு என்ன பெரிய வேலை?

கட்டைவிரல்_கீஸ்

நான் கீபோர்டு ஆள், அதனால் குறுக்கே பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கிட்டார் சிந்த்தை மேடையில் கேட்டிருக்கிறேன். பந்தியில் கடைசி வரிசைக்குச் சாம்பார் வருவதுபோல, கை மீட்டி முடித்த பிறகுதான் சத்தம் வருகிறது. தபேலாக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அந்தக் காசுக்கு இரண்டாவது கீபோர்டு ஒன்று வாங்கி ஒரு பையனை உட்கார வையுங்கள். குழுவில் ஒரு பையனுக்குப் பிழைப்பாவது ஆகும்.

தேவகோட்டை_பேஸ்

தாமதம் உண்டு, மறுக்கவில்லை. ஏன் வருகிறது என்று தெரிந்தால் எங்கே தப்பிக்கலாம் என்பதும் தெரியும்.

கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்பது சுவிட்சுக்கு உடனே தெரிந்துவிடும். கிட்டாரில் பெட்டி கம்பியின் அதிர்வைக் கேட்டுத்தான் எந்தச் சுரம் என்று கண்டுபிடிக்க வேண்டும், அதற்குக் குறைந்தது ஒரு முழு அலையாவது வேண்டும். ஆறாம் கம்பியை எந்த ஃப்ரெட்டிலும் அழுத்தாமல் மீட்டினால் 82 ஹெர்ட்ஸ். ஒரு அலைக்கே 12 மில்லிசெகண்ட் போய்விடும், அதற்குப் பிறகுதான் கணக்கு. ஒன்றாம் கம்பி 330 ஹெர்ட்ஸ், ஒரு அலைக்கு 3 மில்லிசெகண்ட் போதும். குழல் வரியெல்லாம் மேல் கம்பிகளில் வாசிப்பதுதானே, அங்கே தாமதம் பெரிதாகத் தெரியாது. ஒன்று கவனியுங்கள், மேடையில் மானிட்டர் 4 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஒலி உங்கள் காதுக்கு வரவே 12 மில்லிசெகண்ட் ஆகும். அதைக் கேட்டுத்தான் எல்லோரும் வாசிக்கிறோம்.

கீழ்ச் சுரம்தான் வேண்டுமென்றால், செலோ மாதிரி ஏதாவது, பெட்டியில் ஒலியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வைத்துவிட்டு நீங்கள் ஒரு ஸ்தாயி மேலே வாசியுங்கள். பெட்டிக்குக் கேட்பது மேல் சுரம், அதனால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கிட்டார் சிந்த்காரர்கள் வழக்கமாகச் செய்வதுதான் இது.

அப்புறம், எல்லாப் பெட்டியும் சுரத்தைக் கண்டுபிடித்துத்தான் ஒலி தருகிறது என்று நினைக்காதீர்கள். 1995-ல் வந்த ரோலண்ட் விஜி-8 தொடங்கி பாஸ் எஸ்ஒய்-1000 வரை ஒரு வகைப் பெட்டி உண்டு. அவை ஒவ்வொரு கம்பியின் அலையையும் நேராக எடுத்து அதையே உருமாற்றுகின்றன. கண்டுபிடிக்கிற வேலையே இல்லை, அதனால் விரலோடு ஒலி வரும். வேறு கிட்டார், வேறு ட்யூனிங், தடித்த சிந்த் ஒலி எல்லாம் பிரமாதமாக இருக்கும். ஆனால் பதிவு செய்து வைத்த புல்லாங்குழல் ஒலி வேண்டுமென்றால் அதில் வராது.

வீணைக்காரி_பள்ளத்தூர்

வணக்கம். நான் கிட்டார் வாசிப்பவள் இல்லை, வீணை. தம்பி ஒருவன் இந்தப் பெட்டியை வீட்டில் வைத்திருந்ததால் வாசித்துப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் தாமதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். குழல் வரியைக் குழல் மாதிரி கேட்க வைப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லையே.

காரைக்குடி சகோதரர்கள் பேர் வாங்கிக் கொடுத்த ஊர் இது. பெரியவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தவர், சின்னவர் சாம்பசிவ ஐயருக்கு 1952-ல் சங்கீத கலாநிதி விருது. கம்பியை இழுத்து ஒரே மெட்டில் (உங்கள் ஃப்ரெட்) நான்கு சுரம் காட்டுவது எங்களுக்குப் பால பாடம். கீபோர்டில் அதற்குச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும், அதுவும் அழுத்திய எல்லாச் சுரமும் சேர்ந்தே வளையும். கிட்டார் சிந்த்தில் இழுத்த கம்பி மட்டும் வளைகிறது. இந்தக் கருவியின் ருசியே அதில்தான் இருக்கிறது என்பேன். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினிலேயே கமகம் காட்டினாரே, கிட்டாரில் ஏன் முடியாது?

ஆனால் அதற்குப் பெட்டி விட்டுக்கொடுக்க வேண்டும். அமைப்பில் குரோமேட்டிக் என்று ஒன்று இருக்கும். அது ஆனில் இருந்தால் நீங்கள் இழுப்பதைப் படிக்கட்டாக மாற்றிவிடும், ரியும் கவும் துண்டு துண்டாக விழும். அதை ஆஃப் செய்யுங்கள். மிடியில் வேறு கருவிக்கு அனுப்புவதானால் கம்பிக்கு ஒரு சேனலாக, மோனோ முறையில் அனுப்புங்கள். வளைவின் அளவை (பிட்ச் பெண்ட் ரேஞ்ச்) அனுப்பும் பெட்டியிலும் வாங்கும் கருவியிலும் ஒன்றாக வையுங்கள். இங்கே 24 அரைச்சுரம், அங்கே 2 என்று இருந்தால் ஒரு சுரம் இழுத்தது கால் சுரம்கூடத் தேறாது. கேட்பவர்கள் உங்களுக்குச் சுருதி ஞானம் இல்லை என்று நினைப்பார்கள்.

இன்னொன்று துத்துகாரம். நாகஸ்வரக்காரரும் குழல்காரரும் எல்லாச் சுரத்துக்கும் நாக்கைத் தட்டுவதில்லை. நீங்கள் பிளெக்ட்ரத்தால் மீட்டும் ஒவ்வொரு தடவையும் பெட்டி புதிதாக ஊதத் தொடங்குகிறது. ஊதுகிறவர் நாக்கு வைக்கிற இடத்தில் மட்டும் மீட்டி, மற்றதைச் சறுக்கியும் இழுத்தும் எடுங்கள். பாதிக் குழல் அங்கேயே வந்துவிடும். நாகஸ்வரத்தை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். பதிவு செய்த ஒரு சுரத்தை இழுத்து நீட்டினால் பொம்மைக் கடைப் பீப்பீதான் கேட்கும். கோவில் வாசலில் அசல் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அதை வாசிப்பது நமக்கே கூச்சமாக இருக்கும்.

கட்டைவிரல்_கீஸ்

அக்கா சொன்ன துத்துகாரம் கீபோர்டுக்கும் பொருந்தும், குறித்துக்கொண்டேன். நாகஸ்வரம் பற்றிச் சொன்னதையும் எங்கள் குழு முதலாளி படித்தால் தேவலை.

ஹாஸ்டல்_மிடி

அண்ணே, ஒரு மாற்று யோசனை. பிக்கப்பே வாங்காமல் முயற்சி செய்து பார்க்கலாமே. ஜாம் ஒரிஜின் நிறுவனத்தின் மிடி கிட்டார் மென்பொருள் சாதாரண கிட்டார் கேபிளிலேயே வேலை செய்யும், கார்டு வாசித்தாலும் சுரங்களைப் பிரித்தெடுக்கும். கிட்டாரைக் கணினியோடு இணைக்கிற ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் லேப்டாப்பும் போதும். சோதனைப் பதிப்பு சும்மாவே கிடைக்கிறது. கம்பி வாரியாகப் பிரிக்காது, அதனால் அக்கா சொன்னபடி ஒரு கம்பியை மட்டும் வளைப்பது அவ்வளவு துல்லியமாக வராது. ஒற்றை வரி வாசிக்க ரொம்ப நன்றாகவே இருக்கிறது.

இல்லையென்றால் பாஸ் எஸ்ஒய்-1, எஸ்ஒய்-300 மாதிரி பெடல்கள். அவற்றுக்கும் தனிப் பிக்கப் வேண்டாம். ஆனால் அதிலிருந்து வருவது சிந்த் ஒலி, புல்லாங்குழல் இல்லை.

பழைய_ஈயம்

தம்பி, லேப்டாப் யோசனை வீட்டுக்கு நல்லது. கோவில் மேடையில் ஜெனரேட்டர் மாற்றும்போது விளக்கெல்லாம் ஒரு தடவை மங்கி எரியும், பார்த்திருப்பீர்கள். அந்த நொடியில் ஆடியோ இன்டர்ஃபேஸ் செத்துப் பிழைத்தால் பாடுகிறவர் நடுத்தெருவில் நிற்பார். அதனால் பெட்டியோ லேப்டாப்போ எதுவானாலும் அடாப்டரைச் சின்ன யுபிஎஸ்ஸில் போடுங்கள். எர்த் இல்லாத பிளக்கில் போடாதீர்கள். வளவு வீடுகளில் கல்யாணக் கச்சேரி என்றால் பழைய வயரிங், மூன்றாவது ஓட்டை பேருக்குத்தான் இருக்கும். கம்பியில் கை, மைக்கில் உதடு என்று நிற்கிறவர் நீங்கள். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் செருகாதீர்கள்.

ஆறுகம்பி_கானாடுகாத்தான்

எல்லோருக்கும் நன்றி. ஹாஸ்டல் தம்பி சொன்ன மென்பொருளை முதலில் போட்டுப் பார்த்தேன், அதில் ஒன்று புரிந்தது. கிட்டாராக வாசிக்கும்போது யாருக்கும் கேட்காத அழுக்கெல்லாம் குழலில் கேட்கிறது. விரலை எடுக்கும்போது பக்கத்துக் கம்பி லேசாக உரசினால் அதுவும் ஒரு குழல். வலது உள்ளங்கையால் மற்ற கம்பிகளை அமுக்கிப் பிடித்து வாசித்தால் சுத்தமாக வருகிறது. பிக்கப் வந்தாலும் இந்தப் பழக்கம் வேண்டும் போல.

அக்கா சொன்ன கம்பி இழுப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, அதனால் கம்பிக்குத் தனித்தனிப் பிக்கப் என்று முடிவு செய்துவிட்டேன். பினாங்கில் ஒருவர் ரோலண்ட் ஜிஆர்-55 சிந்த் பெட்டியை ஜிகே-3 பிக்கப்போடு சேர்த்து விற்கிறாராம், பழசுதான். சித்தப்பா போட்டோ அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா?

தேவகோட்டை_பேஸ்

வாங்கலாம். 2011-ல் வந்த பெட்டி, இப்போது புதிதாகத் தயாரிப்பதில்லை. ஆனால் உங்கள் வேலைக்கு அது ரொம்பப் பொருத்தம். 900-க்கு மேற்பட்ட பதிவு ஒலிகள் இருக்கின்றன. அதிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு ஒலி, அதோடு கம்பியை நேராக உருமாற்றும் ஒலி ஒன்று, உங்கள் ஸ்ட்ராட்டின் சொந்த ஒலி எல்லாவற்றையும் கலந்து விடலாம். பாஸ் ஜிஎம்-800 சிந்த் பெட்டி இதைவிடப் புதுசு, ஒலியும் நன்றாக இருக்கும். ஆனால் அது ஜிகே-5 பாதை, செலவு கூடும், கிட்டார் உருமாற்றமும் அதில் இல்லை.

சித்தப்பாவை அங்கேயே ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். விற்பவரின் கிட்டாரில் மாட்டி ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லி, பெட்டியின் திரையில் ஆறு கம்பிக்கும் அளவு காட்டுகிறதா என்று வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கம்பி மட்டும் செத்திருந்தால் பெரும்பாலும் கேபிளின் பின்னாக இருக்கும், சில சமயம் பட்டையே போயிருக்கும். எது என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

பழைய_ஈயம்

வந்த பிறகு செய்ய வேண்டியது. புதுக் கம்பி போடுங்கள், நிக்கல் அல்லது ஸ்டீல் செட். துருப்பிடித்த கம்பியில் சுரம் தடுமாறும். ஃப்ரெட்டில் எங்கேயாவது கம்பி கரகரத்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் பெட்டி அந்தக் கரகரப்பையும் ஒரு சுரமாக எடுத்துக்கொள்ளும். பிறகு பெட்டியின் ஜிகே அமைப்பில் பிக்கப் வகை, ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்), பிரிட்ஜிலிருந்து பட்டைக்கு உள்ள தூரம் எல்லாவற்றையும் போடுங்கள். ஸ்ட்ராட்டுக்கு ஸ்கேல் நீளம் 648 மி.மீ. கடைசியாகக் கம்பி கம்பியாக சென்சிட்டிவிட்டி. நீங்கள் கச்சேரியில் எவ்வளவு ஓங்கி மீட்டுவீர்களோ அவ்வளவு ஓங்கி மீட்டி, அளவுக்கோடு உச்சிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி வையுங்கள். வீட்டில் ஆச்சி தூங்குகிறார் என்று மெதுவாக மீட்டி வைத்தால் மேடையில் எல்லாம் பிய்த்துக்கொண்டு போகும்.

வீணைக்காரி_பள்ளத்தூர்

மெல்லிய கம்பி செட்டான 9-ஐப் போடுங்கள், இழுக்க இலகுவாக இருக்கும். முதல் கச்சேரியில் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் குழலை எடுங்கள். மற்றதெல்லாம் கிட்டாராகவே இருக்கட்டும்.

ஆறுகம்பி_கானாடுகாத்தான்

சரி அக்கா. கீபோர்டு அண்ணனிடமும் பேசிவிட்டேன். குழல், ஷெனாய் எனக்கு, வயலின் கூட்டம் அவருக்கு. அவருக்கும் நிம்மதிதான்.

கடைசியாக ஒரு கேள்வி. விற்பவர் கேபிள் கொடுக்கவில்லையாம், சித்தப்பா தனியாக வாங்க வேண்டும். 5 மீட்டரா, 10 மீட்டரா? இங்கேயே யாரையாவது பிடித்து 13-பின் கேபிள் செய்துகொள்ள முடியுமா?

பழைய_ஈயம்

நானே ஈயம் வைப்பவன், நானே சொல்கிறேன், வேண்டாம். 13 கம்பியை அந்தச் சின்னத் தலைக்குள் பற்றவைத்து, அது மேடையில் மிதிபட்டும் தாங்க வேண்டும் என்றால் ஆகிற காரியம் இல்லை. 5 மீட்டர் வாங்கச் சொல்லுங்கள். உங்கள் மேடையில் நீங்கள் ஓடி ஆடுகிற ஆள் இல்லை என்று நினைக்கிறேன். காசு இருந்தால் இரண்டாக வாங்கச் சொல்லுங்கள், ஒன்று போனால் மதுரையிலும் உடனே கிடைக்காது. கேபிளைச் செருகிப் பூட்டுக் கொக்கி மாட்டிய பிறகே பெட்டியை ஆன் செய்யுங்கள்.

கட்டைவிரல்_கீஸ்

அந்தக் கேபிளை என் ஸ்டாண்டுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்லுங்கள். முன்னால் விட்டால் பாடுகிற அம்மா கால் தட்டிவிடும்.